சேர்வராயன் மலை ஓடைகளில் மீன் வாழுமா? பார்க்க வேண்டிய மாதமும் இடமும்

கார்த்திகை மழை ஓய்ந்தபின் சேர்வராயன் மலையில் எந்த ஓடையைப் பார்த்தாலும் அழகாகவே இருக்கும். ஜலம் தெளிந்து ஓடும். கரையில் பெரணி தழைத்திருக்கும். மடுவில் சிறு கெண்டைக் கூட்டம் ஓடி ஒளிவதும் கண்ணிற்படும். இதைக் கண்ட தோட்டக்காரரும் ஊர்ப் பெரியவர்களும், "எங்கள் ஓடை நல்ல ஓடை, மீன்குஞ்சு கிடைத்தால் விட்டு வளர்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் ஓடையின் குணம் அந்த மாதத்தில் வெளிப்படுவதில்லை. தை, மாசி மாதங்களில், காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகைக்குச் சற்றுக் கீழே, விடியற்காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மீன் விடுவதைப்பற்றி யோசிக்குமுன் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதும், அதை நடத்தத் தக்கவர் கரையில் நிலம் உடையவரே என்பதும் இங்கே சொல்லப் புகுந்த கருத்து.

இம்மலையின் ஓடைகள் சிறியனவாயினும் அவற்றை நம்பி நிற்கும் நிலம் பெரிது. மஞ்சவாடிப் பக்கத்தில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் ஜில்லாவில் நஞ்சை இடையாற்றுக்கருகில் காவிரியில் கலக்கின்றது. சரபங்கா நதி ஓமலூர், எடப்பாடி வழியாகச் சென்று காவிரியையே அடைகின்றது. வாணியாறு வடக்கே இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டித் தாலுகாவில் அணையில் தங்கிப் பின் தென்பெண்ணையைச் சேர்கின்றது. மலையுச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 அங்குலம் மழை உண்டு. அடிவாரத்திலோ அதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகையால் கீழே கோடையில் கசியும் ஜலத்தில் பெரும்பகுதி மேலேயுள்ள தோட்டங்களையும் சோலைகளையும் கடந்து வருவதே.

திருமணிமுத்தாறு நகருக்குள் புகுந்தபின் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் ஏற்று அடைந்த கதியைச் சேலத்தார் அறிவர். அதைச் சீர்திருத்துவது நகராட்சிக்கும் வாரியங்களுக்கும் உரிய பெருங்காரியம். ஒரு குடியானவர் தனித்து நின்று செய்யக்கூடியதன்று. மலைமேல் ஓடும் ஓடை அப்படியல்ல. அதன் இரு கரையும் பெரும்பாலும் தோட்டக்காரர் கையிலும், மலைவாழ் மலையாளிக் குடிகளின் கையிலும் உள்ளன. அவர்கள் மனம் வைத்தால் அதே பருவத்தில் பலன் காணலாம்.

மலையோடைக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. சமவெளி ஆற்றில் ஒரு வருஷம் மீன் முழுவதும் செத்துப்போனாலும், அடுத்த வெள்ளத்தில் காவிரியிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் ஏறி வந்து மீண்டும் நிரம்பிவிடும். மலையில் அவ்வாறு நடவாது. ஏற்காடு ஏரியின் மிகைநீர் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாய் விழுகின்றது. அந்த அருவியில் ஏறி மேலே வரக்கூடிய மீன் ஏது? அருவிக்கு மேற்பட்ட ஓடையில் ஓரினம் ஒரு முறை அற்றுப்போனால், மனிதன் கொண்டுவந்து விட்டாலன்றித் திரும்பாது. சமவெளியில் ஒரு வருஷத்து நஷ்டமாகக் கழிவது இங்கே நிரந்தர நஷ்டமாகும்.

இனி, தை மாசியை ஏன் குறிப்பிட வேண்டும் என்பதைப் பார்ப்போம். மலைமீன்கள் பெரும்பாலும் மழைக்காலத்திலேயே முட்டையிடுகின்றன. அக்குஞ்சுகள் பிழைத்து அடுத்த மழையைக் காண வேண்டுமானால், ஜலம் சுருங்கி மடுமடுவாய்த் தேங்கும் மாதங்களைக் கடந்தாக வேண்டும். காப்பிப் பழம் பறித்துப் பல்ப்பரில் உரிக்கும் வேலையும் கார்த்திகையில் தொடங்கித் தை, மாசி வரையில் நடக்கின்றது. ஓடையில் ஜலம் மிகக் குறைகின்ற அதே சமயத்தில் கழிவு மிக அதிகமாக வந்து விழுகின்றதென்பதே இம்மலையின் இக்கட்டு. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காலத்தில் இங்கே காப்பிப் பயிர் வந்தது. கொட்டகைகளைத் தண்ணீர் வசதியைக் கருதி ஓடையோரத்தில் கட்டும் வழக்கமும் பழமையானதே. அக்காலத்தார் மீனை நினைத்திருக்க மாட்டார்கள். அதைக் குற்றமாகச் சொல்வதிற் பயனில்லை.

பழத்தோலும் சதையும் கழுவின நீரில் சர்க்கரையும் பசையும் மிகுதி. அவை புளித்து அழுகும்போது ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. நகரச் சாக்கடை நீரைவிடப் பன்மடங்கு கடுமையானது இந்நீர். ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஒரு லிட்டர் கழுவுநீர் முற்றும் அழுகித் தீர 3 கிராம் பிராணவாயு வேண்டுமென்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 5,000 அடி உயரத்தில், 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள ஓடை நீர் ஒரு லிட்டரில் தங்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 7½ மில்லிகிராம்தான். ஆகவே ஒரு லிட்டர் கழுவுநீர் 400 லிட்டர் ஓடை நீரின் பிராணவாயுவுக்கு ஈடாகின்றது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்தால் 80,000 லிட்டருக்கு ஈடு. விநாடிக்கு 2 லிட்டர் ஓடும் சிற்றோடையில் அவ்வளவு ஜலம் ஓடிவர 11 மணி நேரம் செல்லும். அழுகுதல் ஒரே நாளில் முடிவதன்று. கல்லில் மோதி ஓடும்போது காற்றிலிருந்து புதிய பிராணவாயுவும் சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு பீப்பாயால் ஓடை செத்துப்போகும் என்பதில்லை. ஆனால் தினந்தோறும் பல பீப்பாய், ஒரு கொட்டகைக்குப் பின் மறு கொட்டகை என்று வந்தால் மடுவில் தேங்கிய மீன் எங்கே போகும்?

தமது ஓடையில் விநாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகின்றது என்பதை அறிய யந்திரம் வேண்டியதில்லை. கல்லணைத்து, ஒரு குழாயோ தகரமோ வைத்து ஜலம் முழுவதும் ஒரே தாரையாய் விழச் செய்து, அளவு தெரிந்த வாளி நிறைய எத்தனை விநாடி ஆகின்றதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் போதும்.

ஜலத்தைப் புட்டியில் எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமே என்று சிலர் கூறுவர். அனுப்புவது நல்லதே. மீன் வளர்ச்சிக்குரிய நீரில் பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், கார அமில நிலை 6.5-க்கும் 8.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கின்றது. ஆயினும் புட்டி சொல்வது அந்த நிமிஷத்துச் செய்தியை மட்டுமே. பகல் பதினோரு மணிக்கு, பாசி வெயிலில் பிராணவாயு விட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த நீர் நல்ல நீராகவே தோன்றும். அதே மடுவில் விடியுமுன் மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். இராத்திரியில் பாசியும் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவிடுவதே இதற்குக் காரணம். நேற்று இரவு ஊற்றிய கழிவு இன்று உச்சிவேளைக்குள் ஓடிப்போய்விடுவதும் உண்டு. போனதைப் புட்டி எப்படிக் காட்டும்?

கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள் காட்டும். ஓடையை விட்டு நகர முடியாமல் மாதக்கணக்காக அங்கேயே கிடக்கும் அவை, சென்ற பல வாரங்களில் நடந்ததற்குச் சாட்சி. இது புதிய யோசனையன்று. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் 1908, 1909-ஆம் ஆண்டுகளிலேயே, எவ்வகைச் செடியும் பிராணியும் எவ்வளவு அழுக்கான நீரில் வாழும் என்று வகுத்து எழுதினர். அந்த வழியில் வந்த முறைகளே இன்று பல தேசங்களில் ஆற்றைச் சோதிக்கக் கையாளப்படுகின்றன.

செய்யும் விதம் எளிது. ஓடை சலசலத்து ஓடுமிடத்தில், இரண்டு கைப்பிடி அளவுள்ள பத்துக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வால்நுனியில் மூன்று மயிரிழை உள்ள தட்டையான புழு பெரும்பாலும் மே ஈயின் குஞ்சு. இரண்டே இழையுடன், சற்றுத் தடித்து, நகத்தோடு கூடிய கால்களுடன் ஊர்வது பெரும்பாலும் கல் ஈயின் குஞ்சு. இதுவே எல்லாவற்றிலும் நுண்மையானது, குளிர்ந்த சுத்த ஜலம் கெட்டால் முதலில் மறைவது. மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டிச் சிறு குழல் செய்து அதனுள் வாழும் புழுவும் உண்டு. இம்மூன்றும் கண்டால் ஓடைக்கு உயிர் இருக்கின்றது. இவை ஒன்றுமின்றி, சேற்றில் நெளியும் சிவந்த நூற்புழுக்கள் மட்டும் மண்டியிருந்தால், பிராணவாயு அற்ற ஜலமென்று தெளியலாம். அப்புழுக்கள் சிவந்திருப்பது மனித ரத்தத்திலுள்ளது போன்ற சிவப்புப் பொருளினாலேயாம். கிடைக்கும் கொஞ்சப் பிராணவாயுவையும் அது பற்றிக்கொள்ளுகின்றது.

கொட்டகைக்கு மேலே பத்துக் கல், கீழே பத்துக் கல் என்று இரண்டு இடத்திலும் பார்த்தால்தான் காரணம் துலங்கும். மேலேயும் கீழேயும் ஒரேவிதமாய்ப் பூச்சி குறைந்திருந்தால் பழி கொட்டகையின் மேலதன்று. வேறிடத்தில் தேட வேண்டும்.

கல்லைத் தூக்கும்போதே மற்றொன்றையும் கவனிக்கலாம். கல் இலேசாக வந்துவிடுகின்றதா, அல்லது பாதி உயரத்துக்கு வண்டலில் புதைந்து, பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கின்றதா? மலைமீன் பல கல்லிடுக்கிலும் பருமணலிலும் முட்டையிடும். சரிவில் வரப்பின்றி மண் அரித்தாலும், பாதை வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளினாலும், அந்த இடுக்குகள் தூர்ந்து முட்டை மூச்சடைத்துப் போகும். பாக்சைட் மண் வெட்டி எடுத்த மலை இது. வெறுமையாய் நிற்கும் இடங்களில் பெய்யும் மழை எதைக் கொண்டுவரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மீனைக் கண்டுவிட்டால் போதாதா என்பார்க்கும் பதில் உண்டு. எந்த மீன் என்பதே கேள்வி. விரால், தேளி, பனையேறிக் கெண்டை முதலியவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கவல்லன. அழுகிய குட்டையிலும் பிழைக்கும். ஜிலேபிக் கெண்டையும் கெட்ட நீருக்கு அஞ்சாதது; 1952-இல் அன்னிய தேசத்திலிருந்து கொணரப்பட்டு நாடெங்கும் பரவிவிட்டது. இவை மட்டுமே உள்ள ஓடையைக் காட்டி "மீன் நிறைய உண்டு" என்பது, களை மட்டுமே முளைத்த வயலைக் காட்டிப் பயிர் பச்சையென்பதற்கு ஒப்பாகும். கல்லில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கல்லொட்டி, மணலில் புரளும் அயிரை, ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் சிறு கெண்டை, இவை குஞ்சும் பெரியதுமாகக் கலந்திருந்தால் அது நல்ல ஓடை. பெரியவை மாத்திரம் இருந்து குஞ்சே காணாவிட்டால், முட்டையிடும் இடம் கெட்டதென்று சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜேம்ஸ் கார் என்பவர் 1981-இல் வகுத்த முறையும் மீனின் தொகையை மட்டும் எண்ணாமல், எத்தனை இனம், எவை அழுக்கைப் பொறுப்பவை, எவை பொறாதவை என்று பிரித்தே மார்க்குப் போடுகின்றது.

நிழலைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கரைமரம் வெட்டுண்ட ஓடையில் ஜலம் சூடேறும். சூடேறிய ஜலத்தில் பிராணவாயு குறைவாகவே தங்கும். உதிர்ந்த இலையை உணவாகக் கொள்ளும் பூச்சிகளும் குறையும். காப்பிக்கு நிழல் வேண்டுமென்று அறிந்தவருக்கு ஓடைக்கும் வேண்டுமென்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாய் நடாமல், கரையில் நாவல், அத்தி முதலிய நாட்டு மரங்களை விட்டுவைப்பது நலம்.

மருந்து விஷயத்திலோ அதிக ஜாக்கிரதை தேவை. இலைத்துருவுக்கு அடிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தம் உண்டு. செம்பு மீனுக்கு விஷம். கடினநீரைவிட மென்னீரில் அதன் வேகம் அதிகம். மலையோடை நீரோ பெரும்பாலும் மென்னீர். தண்டு துளைப்பானுக்காக உபயோகிக்கும் பூச்சிமருந்துகளிற் பல அதைவிடக் கொடியவை. மரத்தின்மேல் அடித்த மருந்தைக் காட்டிலும், வேலை முடிந்து சாயங்காலம் தெளிப்பானையும் டப்பாவையும் ஓடையில் அலம்புவதே பெருந்தீங்கு செய்கின்றது. இதற்குச் செலவில்லாப் பரிகாரம் உண்டு: அலம்பிய நீரைத் தோட்டத்துக்குள்ளேயே, ஓடையினின்று எட்டிய நிலத்தில் ஊற்றுவது. ஆள்காரர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டியது உடையவர் பொறுப்பு.

பெருந்தோட்டங்களுக்குச் சொல்வது போலவே இரண்டு ஏக்கர் உடையவருக்கும் சொல்வது நியாயமாகாது. அவர் கையால் சுற்றும் பல்ப்பரை வைத்துக்கொண்டு, வீட்டார் துணையுடன் உரிப்பவர். "உரித்துக் கழுவிய பார்ச்மெண்டுக்குக் கிடைக்கும் விலை உருட்டிக் காயவைத்த செர்ரிக்குக் கிடைப்பதில்லை, சுத்திகரிப்புத் தொட்டி கட்ட எங்கே போவது?" என்று அவர் கேட்பாரானால் அக்கேள்வி தள்ளத்தக்கதன்று. அவரால் கூடிய காரியங்கள் உண்டு. ஒரே நீரைத் திரும்பத் திரும்ப உபயோகித்துப் பழம் உரித்தால் கழிவின் அளவு மிகக் குறையும். தோலையும் சதையையும் தண்ணீரோடு ஓடவிடாமல் வலையில் வடித்துக் குவித்தால், சாணமும் சேர்ந்து நல்ல எருவாகும். பழத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சதையே என்பதை நினைத்தால், எறிவது எவ்வளவு எருவென்று விளங்கும். மீந்த நீரைக் குழியில் தேக்கிச் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை மாற்றிச் சில நாள் விட்டுப் பிறகு நிலத்தில் பாய்ச்சலாம். குழி ஓடைக்கரை ஓரமாய் இருந்தால் கசிந்து மறுபடி ஓடைக்கே வரும். ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேட்டிலும் ஆகாது. செங்குத்தான சரிவில் இதற்கு இடம் கிடைப்பது கஷ்டமே. அப்படிப்பட்டவிடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கொட்டகையில் உரிப்பதே தகும். ஐந்து கழிவுவாய்க்கு ஒரு கழிவுவாயாய்க் குறைவதே ஒரு லாபம்.

மாசியில் மோட்டார் வைத்து மடுவை அடியோடு இறைப்பதும் இங்கே பரவிவருகின்றது. பிராணவாயு எவ்வளவு நன்றாயிருந்தாலும் ஜலமே இல்லாத மடுவில் என்ன வாழும்? ஒவ்வொரு ஓடையிலும் ஆழ்ந்த மடு இரண்டொன்றைத் தெரிந்து, அதில் மோட்டார் வைப்பதில்லை என்று கரைக்காரர்கள் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். ஊராட்சி இதில் முன்னின்றால் எளிதில் நடக்கும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. மருக்காரைக் காயை நசுக்கி மடுவிலிட்டு மீன் பிடிப்பது பழைய வழக்கம். பிளீச்சிங் பவுடரும் தோட்டாவும் இக்காலத்து வழக்கம். காயினால் மயங்கிய மீனில் சில தெளிந்து பிழைப்பதுண்டு. பிளீச்சிங் பவுடருக்குத் தப்பும் பூச்சியும் குஞ்சும் இல்லை. வெடியாலும் விஷத்தாலும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிற்று. அச்சட்டம் இயற்றியபோது வைத்த அபராதம் 200 ரூபாய். அக்காலத்தில் அது ஒரு ஜோடி உழவு மாட்டுக்கும் மேற்பட்ட தொகையாயிருந்திருக்கும். இன்று ஒரு வேளை மீன் வாங்கவும் போதாது. ஆகவே தண்டனைக்கு அஞ்சி நிற்பார் என்று நம்பியிராமல், கோடையில் எந்த மடுவுக்கு யார் காவல் என்று ஊரில் ஏற்பாடு செய்வதே பலன் தரும்.

மீன்குஞ்சு விஷயத்துக்கு வருவோம். பண்ணைகளில் கிடைக்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் பேராற்று மீன்கள். ஆழமான குளத்திலும் பண்ணைக்குட்டையிலும் நன்றாய்ப் பருக்கும். முழங்கால் ஆழமுள்ள மலையோடையில் பருப்பதுமில்லை, இனம் பெருக்குவதுமில்லை. வேண்டுவோர் ஓடையோடு தொடர்பில்லாத குட்டையில் வளர்த்துக்கொள்ளலாம். நீலகிரியில் டிரவுட் மீன் நிலைத்ததைச் சுட்டிச் சிலர் இங்கும் கேட்பர். பிரான்சிஸ் டே 1860-களில் முயன்று பலிக்காமல், வில்ஸன் காலத்தில் 1907-ஐ ஒட்டி அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் ஏற்பட்டபின்பே அங்கும் அது நிலைத்தது. அவ்வோடைகள் 6,000 அடிக்கு மேற்பட்ட குளிர்நீர் ஓடைகள். சேர்வராயன் மலை முழுவதும் அந்த உயரத்துக்குக் கீழ்ப்பட்டது. விருந்தாளி மீனைத் தேடுவதைவிட, இருக்கின்ற கல்லொட்டியும் அயிரையும் மாசியைக் கடக்கச் செய்வதே செய்யத்தக்கது. அவை மறைந்துவிட்ட ஓடையில், கழிவு நின்று, கல்லடியில் பூச்சி திரும்பியபின், அதே மலையின் பக்கத்து ஓடையிலிருந்து சில ஜோடிகளை மீன்துறையாரின் அனுமதியுடன் கொண்டுவந்து விடலாம். கல் ஈயும் மே ஈயும் பறந்து வந்து தாமே குடியேறும், மீனுக்கு மட்டும் அந்த உதவி வேண்டும்.

பல்ப்பர் ஓடத் தொடங்குமுன் ஒரு நாளும், ஓடத் தொடங்கிப் பத்தாம் நாளும், மாசிக் கடைசியில் ஒரு நாளுமாக மூன்று முறை அந்த இருபது கற்களைத் திருப்பிப் பார்த்து, தேதி, விநாடிக்கு ஓடிய லிட்டர், கண்ட பூச்சி, கண்ட மீன் ஆகியவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த வருஷம் அதே நாட்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால் எண்ணும் வேலை சுலபமாகும். கல்லைத் திருப்பியபின் இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைக்க வேண்டுமென்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.